ஜன்னலோரத்தில் பிளந்த விறகு

சாப்பாட்டு நேரத்தில் அந்த டாக்டரம்மா வார்டுக்குள் வந்தால் நோயாளிகள் தூக்குச்சட்டியை மூடிக்கொள்வார்கள். எடுத்துச் சாப்பிட்டுவிடுவார் என்ற பயமில்லை. "இது என்ன குழம்பு? ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு? புளி எங்க வாங்கினது?" என்று ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். பதில் கிடைத்ததும் நகர்ந்துவிடவும் மாட்டார். அந்தப் பதிலுக்குள்ளிருந்தே இன்னொரு கேள்வியை உருவுவார்.

எங்கள் தங்கவயலில் அவருக்குப் பெயரே 'ஏன் டாக்டர்' என்றாகிவிட்டது. ஜட்காக்காரனிடம் "ஏன் டாக்டர் ஆஸ்பத்திரி" என்றால் மறுபேச்சு இல்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவான். ஸ்கெலட்டன் என்கிற பகுதிக்குப் போகிற ரோட்டில், சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்திருக்கிற சயனைட் மேட்டுக்கு இந்தப் பக்கம், கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரி அது. சுரங்கத்துக்கென்று தனியாகப் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நல்ல டாக்டர்கள் உண்டு, நல்ல மருந்து உண்டு. ஆனாலும் எங்கள் சனம் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். உட்காரவைத்துப் பேசுவார் என்பதுதான் காரணம். பேச ஆரம்பித்த பிறகு ஏண்டா வந்தோம் என்று தோன்றும், அது வேறு விஷயம்.

அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வெள்ளைச் சேலை, ஆம்பிளைக் கைக்கடிகாரம், கழுத்தில் கறுப்பு நூலில் கோத்த ஒரு பூதக்கண்ணாடி. ஸ்டெதாஸ்கோப்பைக்கூட சில நாள் மறந்துவிட்டு வருவார், அந்தக் கண்ணாடியை மறந்து நான் பார்த்ததில்லை. குவார்ட்டர்ஸ் ஜன்னலில் வரிசையாகத் தட்டு வைத்திருப்பார். ஒன்றில் காய்ந்த ரொட்டி, ஒன்றில் பாதி எலுமிச்சை, ஒன்றில் பழைய சோறு. எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூத்திருக்கும். பச்சை, கறுப்பு, சாம்பல். அதைப் பார்த்துக்கொண்டேதான் காலையில் காபி குடிப்பாராம். புதிதாகச் சேர்ந்த சமையல்காரம்மா ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டாள். வேலை போச்சு என்று அவள் நடுங்கிக்கொண்டு நிற்க, டாக்டரம்மா கேட்டது இதுதான்: "கொட்டும்போது எலுமிச்சை மேல இருந்தது என்ன நிறம்? தூள் பறந்ததா?"

சுரங்கத்துக்குள் ஒருமுறையாவது இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெண்களைக் கீழே விடமாட்டார்கள். மனுக் கொடுத்தும் நடக்கவில்லை. அதனால் ஷிஃப்ட் முடிந்து காயத்துக்குக் கட்டுப்போட வருகிற ஒவ்வொருத்தனிடமும் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆட்களை இறக்குகிற கேஜ் கீழே போகும்போது காது ஏன் அடைக்கிறது, வேர்வை என்ன வாடை அடிக்கிறது, எலி அங்கே எதைத் தின்று உயிர் வாழ்கிறது? நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? கீழே பூனை அளவுக்குத் தவளை இருக்கிறது, அது விசில் அடிக்கும் என்று அளந்துவிட்டார்கள். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, மறுநாள் இன்னொருத்தனிடம், "அந்தத் தவளை எந்த லெவல்ல விசில் அடிக்குது?" என்பார். அவன் திருதிருவென்று விழிப்பான்.

எல்லா இடத்திலும் இந்தக் குணம் சிரிப்பாக இருக்காது. சாவு வீட்டுக்கு மாலையோடு வருவார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள். இவர் மெல்லக் குனிந்து, "கடைசியா எப்ப இருமினார்? சளி என்ன நிறம்?" என்பார். அதற்காகவே அவரைத் திட்டியவர்கள் உண்டு. "மனுசனா பாக்குதா அந்தம்மா, இல்ல தட்டுல வெச்ச ரொட்டியா பாக்குதா?" என்று என் காதுபடவே ஒருத்தி கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. என் வீட்டுக்கே அவர் வந்த பிறகுதான் அதற்குப் பதில் தெரிந்தது.

எனக்கு ராயப்பன் என்று ஓர் அண்ணன். அண்ணன் என்றால் அம்மா மூச்சு வாங்கிக்கொண்ட நேரத்துக்குத்தான் மூத்தவன். நாங்கள் இரட்டை. ராயப்பர் சின்னப்பர் திருநாளன்று அடுத்தடுத்துப் பிறந்ததால் அவன் ராயப்பன், நான் சின்னப்பன். ஒரே அச்சு. அவன் சுரங்கத்தில் டிம்பர் ஆள். பூமிக்குள் பாறை சரியாமல் மரத்தை வெட்டி முட்டுக் கொடுக்கிற கூட்டத்தில் ஒருவன். நான் மேலே, கல்லை அரைக்கிற மில்லில். அவனுக்குக் கல்யாணமாகி அவன் பெண்டாட்டி ஆரோக்கியம் வீட்டுக்கு வந்த புதிதில், முதுகைப் பார்த்து ஏமாந்து எனக்குக் காபி கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

ராயப்பனுக்கு முதலில் ஈறில் ரத்தம் வந்தது. அப்புறம் இடிபடாமலே தொடையில் நீலம் பாய்ந்தது. ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கியது. டிம்பர் வேலை பார்க்கிறவனுக்கு இது வரக்கூடாத வியாதி, ஒரே மாதத்தில் ஆள் வெளுத்துப் போனான். டாக்டரம்மா அவன் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். எலும்புக்குள் ஊசி விட்டும் பார்த்தார்.

"உடம்புக்கு ரத்தம் செஞ்சு கொடுக்கிற பட்டறை எலும்புக்குள்ள இருக்கு. உங்க அண்ணனுக்கு அது மூடிக் கிடக்கு" என்று என்னிடமும் ஆரோக்கியத்திடமும் சொன்னார்.

"ஏன்மா மூடிக்கிச்சு?" என்றாள் ஆரோக்கியம்.

"எனக்கும் அதுதான் தெரியலை. காய்ச்சலுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா? என்ன கலர்? எந்தக் கடை?" என்று அவர் ஆரம்பித்துவிட்டார். கடைசிவரைக்கும் அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றிய ரத்தம் கொஞ்ச நாள் தாங்கும், மறுபடி வெளுத்துவிடுவான். டிம்பர் கூட்டமே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தது. இப்படியே ஓட்ட முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒருநாள் நான் அவன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது டாக்டரம்மா வாசலிலேயே நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இரட்டையா?"

"ஆமாங்கம்மா."

"அது தெரியுது. எவ்வளவு இரட்டை?"

இப்படி ஒரு கேள்வியை நான் அதுவரை கேட்டதில்லை. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையும் உண்டு, ஒன்றாகத் தங்கியிருந்த இரண்டு கருவும் உண்டு, முகத்தை வைத்து அதை முடிவு பண்ண முடியாது என்றார். ஒரே கரு என்றால் என் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவன் ரத்தக்குழாயில் விடலாம். அது தானே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய் உட்கார்ந்து பட்டறையைத் திறக்கும். வெளிநாட்டில் சில இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள், தபாலில் வந்த பத்திரிகையில் படித்தேன் என்றார். ஒரே கரு இல்லையென்றால் அவன் உடம்பு என்னுடையதை விரட்டிவிடும்.

அதைத் தெரிந்துகொள்ள அவர் கண்ட வழி விசித்திரமானது. என் கையில் பட்டாணி அளவுக்குத் தோலை எடுத்து அவன் கையில் ஒட்டினார். அவனுடையதை எடுத்து என் கையில். ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். "மாத்தி மாத்தி ஒட்டுப் போடறதுக்கு இவங்க இன்னா செருப்பா?" என்றாள். தினமும் காலையில் டாக்டரம்மா பூதக்கண்ணாடியோடு வந்து இரண்டு ஒட்டையும் பார்ப்பார். கறுத்து உதிர்ந்தால் வேற்றாள் தோல், நிலைத்துவிட்டால் சொந்தத் தோல். வாரங்கள் போயின. ஒட்டு உதிரவில்லை. இனிச் சந்தேகமில்லை என்று ஆன நாளில் அவர் வார்டு நடுவில் நின்று கை தட்டினார். பக்கத்துக் கட்டில் கிழவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் எங்களை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதை நான் செஞ்சதில்லை. மெட்ராஸ்லேருந்து எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் வருவார், அவரும் செஞ்சதில்லை. பிழைப்பாரான்னு கேட்டா தெரியாது. இன்னொண்ணையும் சொல்லிடறேன். என்ன ஆகும்னு பார்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. அந்த ஆசையிலதான் சொல்றேனோன்னு நானே யோசிச்சுப் பார்த்தேன். அது மட்டும் இல்லைன்னுதான் தோணுது. ஆனா அந்த ஆசையும் இருக்கு. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

எந்த டாக்டர் இப்படிப் பேசுவார்? எனக்குக் கோபம்தான் வந்தது. ராயப்பன் என்னைப் பார்த்தான், ஆரோக்கியத்தைப் பார்த்தான். "செய்ங்கம்மா. சும்மா படுத்துகினு சாவறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றான்.

டிம்பர் கூட்டத்துக்கு விஷயம் தெரிந்ததும் மில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னாடா சின்னப்பா, உன் நல்லியை உறிஞ்சி ராயப்பனுக்கு ஊத்தப் போறாங்களாமே? மிளகு போட்டா இல்ல சும்மாவா?" என்று கேலி பண்ணினார் அவர்கள் மேஸ்திரி. கேட்கும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. என்னைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பெலும்பில் கோணி ஊசி மாதிரி ஒன்றை இறக்கினார்கள். மரத்துப்போக மருந்து போட்டிருந்தும், இழுக்கிற ஒவ்வொரு தடவையும் காலின் உயிரையே இழுக்கிறது போல இருந்தது. வந்தது ரத்தம் மாதிரிதான், மேலே கொழுப்பு மினுமினுத்தது. அதை வடிகட்டி, பாட்டிலில் தொங்கவிட்டு, மெதுவாக அவன் கையில் விட்டார்கள். மேளமும் இல்லை, மந்திரமும் இல்லை. பாதி இறங்கியபோது ராயப்பன், "டேய், எனக்கு மில்லு வேலைக்குப் போவணும் போல கீதுடா" என்றான். டாக்டரம்மா உடனே, "ஏன், என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டார். அவன் சிரித்த சிரிப்பில் ஊசி அசைந்தது.

இனி காத்திருக்க வேண்டும். புதுப் பட்டறை வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் அவன் உடம்பு வாட்ச்மேன் இல்லாத ஸ்டோர் மாதிரி, யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. வராந்தாக் கடைசியில் தனி அறை கொடுத்தார். ஆரோக்கியத்தையும் ஒரு கன்னியாஸ்திரீயையும் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. தட்டு, தம்ளர், துணி, குடிக்கிற தண்ணீர் எல்லாம் கொதித்தாக வேண்டும். "அடுப்பு அணையவே கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வீட்டார்தான் சமைக்க வேண்டும், பின்னால் அதற்கு ஒரு கொட்டகை உண்டு. ஆரோக்கியம் அங்கேயே குடியிருந்தாள். மழைக்காலம். கடை விறகு நனைந்து புகைந்தது. அடுப்பு அணையக்கூடாது என்ற செய்தி டிம்பர் கூட்டத்தின் காதுக்குப் போனதும், விறகை அவர்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகளில் வெகுகாலமாக உள்ள வழக்கம் இது. கீழே முட்டுக் கொடுத்த மரம் பழசானால் மாற்றுவார்கள். கழித்துப்போட்ட துண்டை டிம்பர் ஆட்கள் தோளில் போட்டு மேலே கொண்டுவந்து அடுப்பெரிப்பார்கள். கூட்டத்தில் ஒருத்தன் படுத்துவிட்டால் எல்லோருடைய துண்டும் அவன் வீட்டுக்குத்தான் போகும். கேட்டு வாங்க வேண்டியதில்லை. அப்படித்தான் ராயப்பனுக்கும் வந்தது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து குளித்து நேராக வருவார்கள். அறைக்குள் விடமாட்டார்கள் என்பதால் வெளியே, அவன் ஜன்னலுக்கு நேராக, கூரை நீட்டிக்கொண்டிருக்கிற நனையாத இடத்தில் மரத்தைப் போட்டுக் கோடாலியால் பிளப்பார்கள். பிளந்தால்தான் சீக்கிரம் காயும். பிளந்துகொண்டே ஜன்னல் வழியாக அவனோடு கதை பேசுவார்கள். எந்த லெவலில் தண்ணீர் நிற்கிறது, எவன் பீடியோடு மாட்டினான், மேஸ்திரி யாரிடம் திட்டு வாங்கினார் என்று எல்லாம் வரும். ராயப்பன் உள்ளேயிருந்து பதிலுக்கு எகத்தாளம் பேசுவான். நாள் பூராவும் அவன் அந்த நேரத்துக்காகத்தான் காத்துக்கிடந்தான். டாக்டரம்மாவுக்கு அது கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிற வேளை. பேத்தமங்களாப் பக்கம் ஜீப்பில் போய்விட்டு இருட்டும்போதுதான் திரும்புவார்.

பிறகு காய்ச்சல் வந்தது. பென்சிலின் ஊசி போட்டார்கள், வேறு ஊசி போட்டார்கள். காய்ச்சல் எதையும் மதிக்கவில்லை. நெஞ்சில் குத்தல், வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஓர் உருண்டை நிழல். டாக்டரம்மா அவன் ரத்தத்தை எடுத்துப் பாட்டிலில் அடைத்துச் சூட்டில் வைத்திருந்தார், கிருமி இருந்தால் வளரும் என்று. வளர்ந்தது கிருமி இல்லை. பாட்டிலில் பஞ்சுத் துணுக்கு போல ஏதோ மிதந்தது. லேப் பார்த்த கன்னியாஸ்திரீ, "காற்றிலிருந்து விழுந்திருக்கும் டாக்டர், அடிக்கடி நடக்கிறதுதான்" என்றார். அது நியாயமான பேச்சுதான். டாக்டரம்மா மறு கையிலிருந்து எடுத்து, புதுப் பாட்டிலில் வைத்தார். அதிலும் அதே பஞ்சு.

அன்று மத்தியானம் வாயில் துணி கட்டிக்கொண்டு ராயப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ராயப்பா, நீ வேலை பார்க்கிற இடத்துல பூஞ்சணம் உண்டா?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவனுடைய வேலையைப் பற்றிக் கேட்டால் காய்ச்சலே மறந்துபோகும். "இன்னாம்மா இப்புடி கேட்டுட்டீங்க? பழைய மரத்துல பாத்தா அவ்ளோ அழகா பூத்துகினு இருக்கும். வெள்ளை வெளேர்னு, கையால தடவுனா பூனை மாதிரி மெத்துனு. கீழ சூடு, ஈரம் வேற. ஓரமா பச்சையா, கறுப்பா தூள் பறக்கும். மரத்தை எடுக்கும்போது மூக்குல ஏறி தும்மல் வரும்" என்றான். மூச்சு வாங்கியது, விட்டு விட்டுச் சொன்னான்.

"அந்தப் பழைய மரத்தை என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவாங்க, எரிப்பாங்க. இதோ, எனக்காகக் கொண்டாந்து வெளிய பொளக்கிறாங்களே, அதாம்மா."

டாக்டரம்மா எழுந்து ஜன்னலுக்கு வந்தார். கீழே நேற்றுப் பிளந்த விறகு அடுக்கியிருந்தது. அதன் பட்டைப் பக்கத்தில் அவன் சொன்ன அதே வெள்ளை, அதே பச்சைத் தூள். அவர் என்னைப் பார்க்கவில்லை, விறகையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்த் துணிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் நின்றதை நான் பார்த்தது அன்றுதான்.

உடனே ஜன்னலைச் சாத்தி, ராயப்பனை மறுகோடியிலிருந்த அறைக்கு மாற்றினார். விறகை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, ஒரு சிம்பை மட்டும் தாளில் மடித்து எடுத்துக்கொண்டார். பூஞ்சணத்தைக் கொல்கிற மருந்து ஒன்று இருந்தது. பெங்களூரிலிருந்து வரவழைத்தார். வெளிச்சம் படக்கூடாது என்று பாட்டிலைக் கறுப்புத் துணியில் சுற்றித் தொங்கவிடுவார்கள். அது உள்ளே போனால் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம் வரும். ஆரோக்கியம் அவன் காலைப் பிடித்துக்கொள்வாள், டாக்டரம்மா தோளைப் பிடித்துக்கொள்வார். ராயப்பன் பல் அடித்துக்கொள்ள, "ஏம்மா, இது அந்தப் பூஞ்சணத்தைக் கொல்லுதா, இல்ல என்னிய கொல்லுதா?" என்று கேட்டான். "ரெண்டையும் பார்க்குது. நீ கொஞ்சம் தாங்கு" என்றார் அவர்.

அவன் தாங்கினான். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல்கூட இறங்கியது. ஒரு காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் இருமினான். ரத்தமாக வந்தது, நிற்கவில்லை. நான் மில்லிலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. என் முகத்தோடு ஒருத்தன் செத்துக் கிடப்பதைப் பார்க்கிற தலையெழுத்து எதிரிக்கும் வேண்டாம். நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

சவப்பெட்டி சொல்ல ஆள் போயிருந்தது. அப்போதுதான் டாக்டரம்மா எங்களிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒண்ணு கேட்கணும். கேட்கக்கூடாத நேரம்னு தெரியும். அவர் உடம்பை நான் திறந்து பார்க்கட்டுமா?"

என் கை ஓங்கிவிட்டது. சத்தியமாக அடித்திருப்பேன். வராந்தாவில் நின்ற டிம்பர் ஆட்கள் முன்னால் வந்தார்கள். அந்தப் பழைய சந்தேகம் தீர்ந்தது, தட்டில் வைத்த ரொட்டிதான் நாமெல்லாம் என்று நினைத்தேன். ஆரோக்கியம் தரையிலிருந்து எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கும்மா பாக்கணும்?" என்றாள்.

"சின்னப்பனோட மஜ்ஜை பிடிச்சுதா இல்லையான்னு தெரியாது. அவரைக் கொன்னது எதுன்னு நிச்சயமாத் தெரியாது. பார்க்காம மூடிட்டா எப்பவுமே தெரியாது."

ஆரோக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "எனக்கும் தெரியணும். பாருங்க. பாத்துட்டு எங்கிட்ட மறைக்காம சொல்லணும்."

அடக்கம் முடிந்து மறுநாள் டாக்டரம்மா எங்கள் லைன் வீட்டுக்கு நடந்தே வந்தார். பாயில் உட்கார்ந்தார். கொடுத்த காபியை அது எந்தக் கொட்டை என்று கேட்காமல் குடித்தார்.

"பிடிச்சிருந்தது" என்றார் என்னைப் பார்த்து. "எலும்புக்குள்ள கூட்டம் கூட்டமாப் புது அணு. பட்டறை திறந்தாச்சு. கொஞ்ச நாள் கிடைச்சிருந்தா அவரே எதிர்த்துச் சண்டை போட்டிருப்பார். உன்னால ஒரு குறையும் இல்லை சின்னப்பா." எனக்கு இடுப்பில் ஊசி இறங்கிய இடம் வலித்தது. அழுகையும் வந்தது, அதோடு என்னவோ ஒரு பெருமையும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

நுரையீரலில் இருந்தது பூஞ்சணம்தான் என்றார். அங்கே ரத்தக்குழாயைத் துளைத்திருந்தது. விறகுச் சிம்பில் வளர்த்துப் பார்த்ததும் அதே ஜாதி. இதிலிருந்துதான் அது வந்தது என்று கோர்ட்டில் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார்.

"யாரையும் உள்ளே விடாதேன்னு சொன்னது நான். அதனால அவங்க ஜன்னலுக்கு வந்தாங்க. அடுப்பு அணையக்கூடாதுன்னு சொன்னதும் நான். ஜீப் ஏறும்போது கோடாலிச் சத்தம் எனக்கும் ஒண்ணு ரெண்டு நாள் கேட்டுது. என்ன விறகுன்னு கேட்கலை. மத்த எல்லாத்தையும் கேட்டேன்."

ஆரோக்கியம் காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். அப்புறம், "அவங்க ஆசையா தோள்ல சுமந்துகினு வந்தாங்கம்மா. இத்தை அவங்ககிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

"கேட்டா பொய் சொல்ல எனக்கு வராது, ஆரோக்கியம்."

"பொய் சொல்லாதீங்க. இத்தை சொல்லாதீங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மேஸ்திரி ஆட்களோடு வாசலில் வந்து நின்றார். துக்கம் கேட்க வந்தவர்கள். எல்லோரும் உள்ளே கொள்ளாமல் வாசல்வரை உட்கார்ந்தார்கள். மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டார்.

"தொறந்து பாத்தீங்களாமே. இன்னாத்துலம்மா போனான் எங்க ராயப்பன்? நாங்க இன்னா கொறை வெச்சோம்?"

டாக்டரம்மா ஆரோக்கியத்தைப் பார்த்தார். "நீங்க ஒரு குறையும் வைக்கலை" என்றார். "நான் ஒரு கேள்வி கேட்டிருக்கணும். கேட்காம விட்டுட்டேன். அதனாலதான் போனார்."

மேஸ்திரி அவர் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை. அழுதுகொண்டிருந்த மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போங்கம்மா. நீங்க கேக்காம வுட்ட கேள்வின்னு ஒண்ணு கீதா?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். துக்க வீடு என்பதை மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். ஒருத்தன் விசில் அடிக்கிற தவளைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, அதை மறுத்துப் பேசவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆரோக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியம் கையை உருவிக்கொள்ளவில்லை.